ஏன் எப்பவும் கறுப்பு? புதுச்சேரியில் கோத் உடை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் முத்தியால்பேட்டையில் இருக்கிறேன். ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு வேலை. அலுவலகம் இல்லாத நேரங்களில் கோத் பாணியில் உடுத்துகிறேன்: கணுக்கால் வரை கறுப்புப் பாவாடை, கழுத்து வரை மூடிய லேஸ் வைத்த மேல்சட்டை, கனமான வெள்ளிச் சங்கிலி, கறுப்பு பூட்ஸ். உறவுக்காரர்கள், பக்கத்து வீட்டார், கடற்கரைச் சாலையில் எதிரே வருபவர்கள், இப்படி உடுத்த ஆசைப்படும் காலேஜ் பிள்ளைகள் என்று கேட்பவர்கள் பல விதம். கேள்விகள் என்னவோ அதே கேள்விகள்தான். அதனால் பதில்களை எழுதி வைத்துவிட்டேன்.

கோத் என்றால் என்ன?

முதலில் அது இசை. 1970களின் கடைசியில் இங்கிலாந்தில் பங்க் இசை ஓய்ந்த கையோடு, அதைவிட இருண்ட, மெதுவான ஒரு இசை வந்தது. பவுஹவுஸ், சூக்ஸி அண்ட் த பான்ஷீஸ், த கியூர் ஆகியவை அதில் பெயர் பெற்ற குழுக்கள். 1982ல் லண்டன் சோஹோவில் பேட்கேவ் என்ற இரவு விடுதி திறந்தது. அங்கே வந்தவர்களின் கறுப்பு உடை, கலைத்துவிட்ட முடி, கண்ணைச் சுற்றித் தீட்டிய மை எல்லாம் சேர்ந்து ஒரு பாணியாக நிலைத்தது. பிறகு அதில் விக்டோரியா காலத்து லேஸும் வெல்வெட்டும் வந்து சேர்ந்தன. விக்டோரியா மகாராணி 1861ல் கணவரைப் பறிகொடுத்த பிறகு, 1901ல் தான் இறக்கும் வரை கறுப்பையே உடுத்தியவர். அந்தக் கால துக்க உடையின் அழகு பலரைப் பிடித்துக்கொண்டது. இன்றும் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் ஆண்டுதோறும் கோத் விழா நடக்கிறது, 1992ல் தொடங்கியது.

இசை தெரியாமல் உடையை மட்டும் போடலாமா என்று சண்டை போடுகிறவர்கள் உண்டு. எனக்கு இசையும் பிடிக்கும். ஆனால் வாசலில் நின்று டிக்கெட் கேட்க எனக்கு இஷ்டமில்லை.

சரி, நீங்கள் ஏன் இப்படி உடுத்துகிறீர்கள்?

கேட்பவரைப் பொறுத்து நான் சொல்லும் பதில் மாறும். "பிடிச்சிருக்கு" என்பதே போதும் என்று தோன்றும் நாட்கள் அதிகம். பட்டுப்புடவை கட்டியவரிடம் யாரும் காரணம் கேட்பதில்லை. ஆனாலும் எனக்குக் காரணங்கள் உண்டு, ஒன்றுக்கு மேலேயே.

முதல் காரணம் என் நிறம். நான் நல்ல கறுப்பு. கடலூர் மஞ்சக்குப்பத்தில் அத்தை வீடு. சின்ன வயதில் தீபாவளிக்குத் துணி எடுக்க அத்தைதான் கூட்டிப் போவார். கடைக்காரர் துணியை விரித்து என் தோளில் போட்டுக் கண்ணாடிக்கு நேரே நிறுத்துவார். கறுப்பில் பூப்போட்ட துணி ஒன்று எனக்குப் பிடித்திருந்தால், "புள்ள இருக்கிற கலருக்கு அது எடுக்காதுப்பா, சந்தனக் கலர் காட்டு" என்பார் அத்தை. சந்தனம் வரும். "இதுல இன்னும் கறுப்பா தெரியுறா, ரோஸ் காட்டு." ரோஸ் வரும். ரோஸும் எடுக்காது. மாம்பழ மஞ்சள் கேட்கவே வேண்டாம், கண்ணைக் குத்தும். கடையில் இருந்த எந்த நிறமும் எனக்கு எடுக்கவில்லை. அத்தை கெட்டவர் இல்லை. பில் போடும்போது எனக்கென்று தனியாக வளையலும் ரிப்பனும் வாங்கித் தருபவர். அவருக்கும் அவருடைய அத்தை இதையே சொல்லியிருப்பார்.

வேலைக்குப் போய், சொந்தக் காசில் முதலில் எடுத்தது வாயில் எனும் மெல்லிய பருத்தித் துணி, கறுப்பில். போட்டுப் பார்த்தால் எடுத்தது. யாரிடமும் எதையும் நிரூபிக்க வேண்டும் என்று எடுக்கவில்லை. ஆனால் அந்த உடையில் என்னைப் பார்ப்பவர்கள் முதலில் உடையைப் பற்றிக் கேட்டார்கள், நிறத்தைப் பற்றி இல்லை. அது நான் பிறக்கும்போதே வந்தது. இது நானே தேர்ந்தெடுத்தது. நானே தேர்ந்தெடுத்ததற்காக உற்றுப் பார்க்கப்படுவது எவ்வளவோ தேவலை. இதைப் புரட்சி என்று சொல்ல மாட்டேன். நிம்மதி என்று சொல்லலாம்.

இரண்டாவது காரணத்தை யாரும் கேட்பதில்லை, எனக்கோ அதைச் சொல்லத்தான் அதிக ஆசை. நிறம் ஒன்றே ஒன்று என்றானபின் கண் துணியைப் பார்க்கத் தொடங்கிவிடும். என் ஞாயிற்றுக்கிழமைப் பாவாடையில் மேல் அடுக்கு வாயில், நடு அடுக்கு சாட்டின், கீழே ஒரு சாண் அகலத்துக்கு வெல்வெட் பட்டி. மூன்றும் கறுப்புதான். வாயிலுக்குப் பின்னால் வெளிச்சம் நின்றால் புகைபோல் தெரியும். சாட்டின் மடிப்புக்கு மடிப்பு மினுங்கும். வெல்வெட்டோ விழுந்த வெளிச்சத்தை அப்படியே விழுங்கிவிடும். அதைத் தடவினால் ஒரு பக்கம் வழுக்கும், மறுபக்கம் கையைத் தடுக்கும். இதையே மூன்று நிறங்களில் தைத்திருந்தால் நிறங்கள்தான் கண்ணில் பட்டிருக்கும், துணி தெரிந்திருக்காது.

மூன்றாவது, ஜிஎஸ்டி. சிரிக்க வேண்டாம். மாதத்தின் இருபதாம் தேதி வரை அடுத்தவர் கணக்கை, அடுத்தவர் சொன்ன படிவத்தில், அடுத்தவர் வைத்த கெடுவுக்குள் நிரப்பித் தருவது என் பிழைப்பு. அது முடிந்த மறுநாள் பூட்ஸ் கயிற்றை நிதானமாகக் கட்டி முடிக்கும்போதுதான் என் நேரம் என் கைக்கு வந்ததுபோல் இருக்கும்.

யாராவது தவறிட்டாங்களா? இல்லை, மாலை போட்டிருக்கியா?

இரண்டாவதை ஒரு கார்த்திகை மாதத்தில் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆயா கேட்டார். புதுச்சேரியிலிருந்து கடலூர் போகும் பஸ். ஏறியதிலிருந்து என்னை மேலும் கீழும் பார்த்தபடி வந்தவருக்கு அரியாங்குப்பம் தாண்டியதும் பொறுக்கவில்லை.

"மலைக்குப் போறியா பாப்பா?"

"இல்ல ஆயா, சும்மாதான் போட்டிருக்கேன்."

"சும்மாவா? ஒரு மணி, மாலை ஒண்ணையும் காணோமேன்னு பார்த்தேன்." கொஞ்ச நேரம் கழித்து லேஸைப் பிடித்துப் பார்த்தார். "இது மிஷின்ல போட்டதா, கையில போட்டதா?"

மிஷின் என்றேன். "அதான் பார்த்தேன்" என்று ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். என் உடையைப் பற்றி இதுவரை வந்த விமர்சனங்களிலேயே துல்லியமானது அதுதான்.

யாரும் தவறவில்லை. நம் ஊரில் துக்கத்துக்கு வெள்ளைதான் பழைய வழக்கம். கறுப்பு பேட்ஜும் கறுப்புக் கொடியும் பின்னால் வந்து சேர்ந்தவை.

கறுப்பு அமங்கலம் இல்லையா? நல்ல நாளும் அதுவுமா இப்படியா?

அமங்கலமான நிறத்தை எடுத்து யாராவது பச்சைக் குழந்தையின் கன்னத்தில் பொட்டு வைப்பார்களா? அரைஞாண் கயிறு கறுப்பு. கண்ணேறுக்குக் காலில் கட்டும் கயிறு கறுப்பு. சில வீடுகளில் வளைகாப்புக்குக் கறுப்புப் புடவை எடுப்பார்கள். சபரிமலைக்கு மாலை போட்டவர் கறுப்பு வேட்டி கட்டினால் அவரைச் சாமி என்று கூப்பிடுகிறோம். 1940களில் பெரியாரின் தொண்டர்கள் கருஞ்சட்டை போட்டபோது அது இழிவை எதிர்க்கும் நிறமானது. 1946ல் மதுரையில் கருஞ்சட்டை மாநாடே நடந்தது. பக்திக்கும் பகுத்தறிவுக்கும் ஒரே நிறம் பொருந்தி வந்த ஊரில் என் பாவாடைக்கு மட்டும் இடம் இல்லாமலா போகும்?

ஆனால் அடுத்தவர் வீட்டுக் கல்யாணத்துக்கு நான் கறுப்பு உடுத்திப் போவதில்லை. திருப்பாதிரிப்புலியூரில் சித்தி மகள் கல்யாணத்துக்கு அரக்குப் பட்டு கட்டினேன், கண் மை மட்டும் கொஞ்சம் அழுத்தமாக. அன்றைக்கு எல்லோரும் பார்க்க வேண்டியது அவளை. என் பாணி ஒரு நாள் பீரோவில் இருந்தால் குறைந்துவிடாது.

இந்த வெயிலில் எப்படித் தாங்குகிறீர்கள்?

மே மாதம் நண்பகலில் தாங்க முடியாது. அதை ஒப்புக்கொண்டுவிட்டு மற்றதைச் சொல்கிறேன்.

பாலைவனத்து பெதூயின் மக்கள் ஏன் கறுப்பு அங்கி போடுகிறார்கள் என்று ஆராய்ந்து 1980ல் நேச்சர் இதழில் ஒரு கட்டுரை வந்தது. கறுப்பு அங்கி வெள்ளையைவிட அதிக வெப்பத்தை உறிஞ்சுகிறது. ஆனால் அந்த உபரி வெப்பம் தோலை எட்டுவதற்கு முன்பே வெளியேறிவிடுகிறது, உடம்புக்குச் சேரும் சூடு இரண்டிலும் ஒன்றுதான் என்று அதில் தெரியவந்தது. அங்கி தொளதொளவென்று இருக்க வேண்டும் என்பதுதான் விஷயம். இறுக்கமான கறுப்பு டீசர்ட்டுக்கு இந்தக் கணக்கு செல்லாது.

நம் ஊரில் இன்னொரு சிக்கல், புழுக்கம். பாலைவனத்தில் வேர்வை உடனே காய்ந்து உடம்பைக் குளிர்விக்கும். கடலோரத்தில் காற்றே ஈரம்; வேர்வை காயாமல் ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் நான் கடைப்பிடிப்பவை: உடம்பைத் தொடும் துணி எல்லாம் பருத்தி. வாயில், மல்மல், உள்துணிக்கு ரூபியா. பாலியெஸ்டர் லேஸ் ஓரத்துக்கும் கழுத்துக்கும் மட்டும். இடுப்பை இறுக்கும் எஃகுப் பட்டி வைத்த கார்செட் மார்கழியில் ஓரிரு மாலைகளுக்குச் சரி, மற்ற மாதங்களில் சுவரில் தொங்கும். பாவாடையைப் புடைத்து நிறுத்தும் கேன்கேன் வலை காலைக் குத்தும், காற்றையும் அடைக்கும். அதற்குப் பதில் கஞ்சி போட்ட பருத்தி உள்பாவாடை இரண்டு போதும்.

வெளியே போவது மாலையில். ஆறு மணிக்கு மேல் கடற்கரைச் சாலையில் வண்டிகளை விடுவதில்லை, கடல் காற்றும் வந்துவிடும். நீளப் பாவாடைக்கு அதைவிட நல்ல இடம் இந்த ஊரில் கிடையாது.

இதே புதுச்சேரியில் 1908 முதல் 1918 வரை பாரதியார் இருந்தார். அவர் கறுப்புக் கோட்டும் தலைப்பாகையுமாக இருக்கும் படம் எல்லோர் வீட்டிலும் மாட்டியிருக்கிறது. "வெயிலில் எப்படி?" என்று அந்தப் படத்தைப் பார்த்து யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

முகத்துக்கு வெள்ளை பூசுவீர்களா?

மாட்டேன். இதில் எனக்கு விட்டுக்கொடுப்பே இல்லை. இங்கிலாந்தில் அந்தப் பாணி வந்தபோது வெளிறிய முகம் அதில் ஒரு பகுதி, சரி. நிறத்தைக் காட்டித் துணி மறுக்கப்பட்ட ஒருத்தி அதிலிருந்து விடுபட இந்தப் பாணிக்கு வந்து, இங்கேயும் வெள்ளை பூசிக்கொண்டால் மறுபடியும் அதே துணிக்கடைக் கண்ணாடிக்கு முன்னால் போய் நிற்கிறாள் என்று அர்த்தம். ஆப்பிரிக்க வம்சாவளிக் கோத்துகள் தங்களை ஆஃப்ரோகோத் என்று அழைத்துக்கொண்டு, தங்கள் தோலின் நிறத்திலேயே என்ன அழகாக இருக்கிறார்கள்! கறுப்புத் தோலில் அடர் கத்திரிப்பூ உதட்டுச் சாயம் எப்படி இறங்கி உட்காரும் என்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். மைக்கு நான் காஜல் பென்சில்தான் வைத்திருக்கிறேன். வேர்வையில் கலையும். கலைந்தாலும் இந்தப் பாணிக்குப் பொருத்தம்தான்.

மன அழுத்தமா? என் மகளும் கறுப்பாகவே உடுத்துகிறாள், பயமாக இருக்கிறது.

எனக்கு இல்லை. கணக்கு முடிக்கும் வாரத்தில் எல்லோருக்கும் வருவது வரும், போகும்.

உங்கள் மகளைப் பற்றிச் சொல்வதானால், உடையை வைத்து முடிவுக்கு வராதீர்கள். சாப்பிடுகிறாளா, தூங்குகிறாளா, தோழிகளிடம் பேசுகிறாளா, பிடித்த வேலைகளை அப்படியே போட்டுவிட்டாளா என்று பாருங்கள். இவற்றில் மாற்றம் தெரிந்தால் அவள் மஞ்சள் சுடிதார் போட்டிருந்தாலும் கவனிக்க வேண்டியதுதான். மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம். மாற்றம் எதுவும் இல்லை, நன்றாகச் சாப்பிட்டுச் சிரித்துக்கொண்டு கறுப்பு உடுத்துகிறாள் என்றால் அவளுக்கு ஒரு நல்ல தையல்காரரைக் காட்டுங்கள்.

சாத்தான் வழிபாடு என்கிறார்களே?

இல்லை. செவ்வாய்க்கிழமை வீட்டில் விளக்கேற்றுகிறேன், அவ்வளவுதான் என் வழிபாடு. கோத் நகைகளில் சிலுவை நிறைய வரும், நான் அதை மட்டும் போடுவதில்லை. பக்கத்து வீட்டில் தினமும் மாலையில் ஜெபமாலை சொல்கிறார்கள். அவர்களுக்கு அது பொருள் உள்ளது. எனக்கு அலங்காரமாக மட்டும் போட மனம் வரவில்லை.

அலுவலகத்துக்கும் இப்படியே போவீர்களா?

இல்லை. சாதாரணச் சுடிதார்தான், பெரும்பாலும் கருநீலம் அல்லது சாம்பல். ஒரு வெள்ளி மோதிரம் மட்டும் எப்போதும் இருக்கும்.

கவனத்தை ஈர்க்கத்தானே? போட்டோவுக்குத்தானே?

ஒயிட் டவுனில் சனி, ஞாயிறு போய்ப் பாருங்கள். ஒவ்வொரு மஞ்சள் சுவருக்கு முன்னாலும் கல்யாணத்துக்கு முந்தைய போட்டோ எடுக்க ஒரு ஜோடி நிற்கும். கவுன், கோட்டு, புகைக் குண்டு எல்லாம் உண்டு. நடுவில் நான் போனால் நானும் யாரோ ஒருவருடைய மாடல் என்று நினைத்து, "மேடம், கொஞ்சம் ஃப்ரேமை விட்டு நகருங்க" என்பார்கள். கவனத்தை ஈர்க்க இதைவிட மோசமான ஊர் கிடையாது.

கேட்டுவிட்டு எடுத்தால் எடுத்துக்கொள்ளலாம். கேட்காமல் பின்னாலிருந்து எடுப்பவர்களிடம் திரும்பி நின்று கேட்பேன்.

இது வெள்ளைக்காரர் உடைதானே, நமக்கெதற்கு?

பாணி அவர்களுடையது, அதில் சந்தேகம் இல்லை. துணிக் கதை அப்படி இல்லை. 19ஆம் நூற்றாண்டில் புதுச்சேரியில் அவுரிச் சாயத்தில் தோய்த்த அடர்நீலத் துணி பிரெஞ்சுக் கப்பல்களில் மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் வரை போனது. கினே என்று அதற்குப் பெயர். அங்கே பிசின் வாங்க அந்தத் துணியைத்தான் காசாகக் கொடுத்தார்கள். ரோடியர் மில், சுதேசி மில் என்று இந்த ஊரே தறியை நம்பி இருந்த ஊர். ரொமேன் ரோலன் வீதியில் க்ளுனி கன்னியர் மடத்தில் இன்றும் பெண்கள் கையால் எம்பிராய்டரி போடுகிறார்கள். பஸ் ஆயா அந்த வேலையைப் பார்த்தால் ஒருவேளை மெச்சுவார். என் பாவாடைத் துணி இங்கே வாங்கியது, தைத்ததும் இங்கேதான். வடிவம் மட்டும் கடல் தாண்டி வந்தது. சுடிதாரும் பேண்டும் மட்டும் என்ன, முத்தியால்பேட்டையிலா முளைத்தன?

ஜப்பான் பெண்கள் போடும் பொம்மை உடையும் இதுதானா?

வேறு. அது லோலிட்டா பாணி. டோக்கியோவின் ஹராஜுக்கு பகுதியோடு சேர்ந்து பேசப்படுவது. முழங்கால் வரை குடைபோல் விரியும் பாவாடை, ரிப்பன், தலையணி. அதிலும் கோதிக் என்று கறுப்புப் பிரிவு ஒன்று இருக்கிறது, குழப்பம் அதனால்தான். அழகுதான், ஆனால் அந்தப் பாவாடைக்குக் கேன்கேன் வலை வேண்டும். மேலே சொன்னேனே, குத்தும்.

ஆண்களும் போடலாமா?

தாராளமாக. கறுப்புச் சட்டை, கறுப்பு வேட்டி, வெள்ளிக் காப்பு. பாதிப் பேர் தோழர் என்பார்கள், பாதிப் பேர் சாமி என்பார்கள். இரண்டுக்கும் தலையாட்டிவிட்டுப் போகலாம்.

கறுப்பு வெளுக்காமல் எப்படித் துவைப்பது?

வெளுப்பதற்கு முன்னால் வரும் தொல்லை உப்பு. வேர்வை காய்ந்தால் முதுகிலும் அக்குளிலும் வெள்ளையாகக் கோடு பூக்கும், கறுப்பில் அது பளிச்சென்று தெரியும். வீட்டுக்கு வந்ததும் வெறும் தண்ணீரில் ஒரு அலசல் அலசிவிட வேண்டும், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாது. உள்பக்கத்தை வெளியே திருப்பித் துவைத்து நிழலில் காயப்போடுங்கள். பூந்திக்கொட்டைத் தண்ணீர் சோப்புத் தூளைவிட மென்மை. கஞ்சி உள்பாவாடைக்கு மட்டும். கறுப்பு மேல்துணிக்குப் போட்டால் திட்டுத் திட்டாக வெள்ளை படியும். ஐப்பசி, கார்த்திகையில் பூட்ஸுக்குள் செய்தித்தாளைச் சுருட்டி வையுங்கள். இல்லையென்றால் தோலில் பூஞ்சை பிடித்துவிடும்.

எங்கே வாங்குவது? நிறைய செலவாகுமா?

ஆன்லைனில் வரும் கோத் உடைகள் பெரும்பாலும் பாலியெஸ்டர், நம் ஊருக்கு ஆகாது. காந்தி வீதி ஞாயிறு சந்தையில் கறுப்புச் சட்டைகள் மலிவாகக் கிடைக்கும். வாங்கி, பட்டனை மாற்றி, கழுத்தில் லேஸ் வைத்தாலே பாதி வேலை முடிந்தது. பாவாடை தைத்துக்கொள்வதுதான் லாபம். அளவு தருகிறேன். இடுப்பு 30 அங்குலம், உயரம் 36 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். மூன்று அடுக்கு, ஒவ்வொன்றும் 12 அங்குல உயரம். முதல் அடுக்கின் சுற்றளவு 45 அங்குலம், இரண்டாவது 68, மூன்றாவது 101. ஒவ்வொன்றும் மேலே உள்ளதைப்போல் ஒன்றரை மடங்கு. தையலுக்கு ஒரு அங்குலம் சேர்த்து 13 அங்குலப் பட்டிகளாக வெட்ட வேண்டும். 44 அங்குலப் பன்னா வாயில் இரண்டு மீட்டர் எடுத்தால் போதும், பையும் வைத்துக்கொள்ளத் துணி மிஞ்சும். இடுப்புக்கு எலாஸ்டிக் வேண்டாம், நாடா போடுங்கள். தையல்காரர் "பை எதுக்கும்மா, பாவாடைக்கு?" என்பார். கட்டாயம் வைக்கச் சொல்லுங்கள், போன் நுழையும் அளவுக்கு ஆழமாக.